வெள்ளைக்குள் நடந்த மரம்

சுப்பீரியர் ஏரியில் எங்கள் விரிகுடாக் கரையில், ஐலா கொஸ்கெலா எடுத்த படம் ஒன்றாவது மாட்டாத வீடு கிடையாது. ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், அடக்கம் எதுவானாலும் அவள்தான் வருவாள். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தே ஆயுசில் பாதியைக் கழித்தவள். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் ஆலயத்துக்குள் நுழைந்தால், ஜெபத்தில் கண்மூடி இருக்கிறவர்கள்கூட ஒரு கையால் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள்.

கேமராவில் படம் பதிய இரண்டு வழி உண்டு. ஒன்றில், கேமராவே எல்லாவற்றையும் முடிவு செய்து, வேண்டாததைக் கழித்துக்கட்டி, வெந்த சாப்பாடாகத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடும். மற்றதில், கண்ணாடி வழியாக உள்ளே வந்த வெளிச்சத்தை உமியும் தவிடும் போகாமல் அப்படியே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் நாம்தான் புடைத்து, அலசி, வேகவைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர்கள் இதை 'ரா' என்பார்கள். ஐலாவுக்கு அது பச்சைப் படம்.

“வெந்ததை மறுபடி பச்சையாக்க முடியுமா? பச்சையா இருந்தாத்தான் உப்பக் கூட்டலாம், கொறைக்கலாம்” என்பாள்.

“அது சரி. எனக்கும் அப்படித்தான் பச்சையாப் போட்டுட்டுப் போயிடறா” என்பார் அவள் கணவர் ஊர்ஹோ. மரம் வெட்டும் வேலையில் காது பாதி போனவர். தன் நகைச்சுவைக்கு மற்றவர்கள் சிரித்தார்களா என்பது அவருக்குத் தெரியாது. அதனால் தானே சிரித்துவிடுவார்.

பனியை எடுப்பதில் ஐலாவுக்கு ஒரு முறை இருந்தது. கேமராவுக்குப் பனியைக் கண்டால் பயம். எங்கும் வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று தானே குறைத்துக்கொண்டு, பனியைச் சாம்பலாக்கிவிடும். அதனால் ஐலா வேண்டுமென்றே வெளிச்சத்தைக் கூட்டி எடுப்பாள். விளிம்பு வரைக்கும் கூட்டுவாள், விளிம்பைத் தாண்டவிட மாட்டாள். பாலைப் பொங்கவிட்டு, வழிவதற்கு முன்னால் இறக்குகிற கைப்பக்குவம் அது. அப்படி எடுத்த படத்தைக் கேமராவின் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெறும் வெள்ளைத் தாள்தான். அந்தத் திரை காட்டுவது மூட்டைக்குள் இருப்பதை அல்ல. மூட்டையின் மேல் கேமரா அவசரமாக வேகவைத்து ஒட்டிவிட்ட ஒரு மாதிரியைத்தான். வீட்டில் உட்கார்ந்து வெளிச்சத்தைக் கீழே இழுக்க இழுக்க, வெள்ளைக்குள்ளிருந்து பனிமேடு வரும். காற்று கீறிய வரி வரும். நரி போன தடம்கூட வரும்.

சுப்பீரியர் ஏரி உறைந்துவிட்டால் எங்கள் ஊருக்கு இன்னொரு சாலை கிடைத்துவிடும். ஜனவரியில் ஞானிகள் திருநாள் முடிந்ததும், கிறிஸ்துமஸ் மரத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை. ஏரிக்கு இழுத்துப்போய், பனிக்கட்டியில் துளை போட்டு, வரிசையாக நட்டுவிடுவார்கள். துளையில் தண்ணீர் உறைந்து, கல்லில் பதித்தது போல மரம் நிற்கும். பனிக்கட்டிமேல் போட்டிருக்கிற மீன்பிடிக் குடிசைகளுக்குப் போகிற பாதை அதுதான். கண் தெரியாத பனிக்காற்றிலும் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்தைப் பிடித்துப் பிடித்து வீடு வந்து சேர்ந்துவிடலாம். எது யார் வீட்டு மரம் என்று எல்லோருக்கும் தெரியும். சிலவற்றில் ஜிகினா ஒட்டிக்கொண்டு பங்குனி வரைக்கும் மினுங்கும்.

அந்த வருடம் மாசியில் ஒரு காலை, சபையின் நாட்காட்டிக்குப் படம் எடுக்க ஏரிக்குள் நீண்டிருக்கிற முனைக்கு ஐலா போனாள். அங்கே சபையின் கோடைக்கால முகாம் இருக்கிறது. குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும். காரை முகாமின் வெளிவாசலில் நிறுத்திவிட்டு, மணல்கரை வழியாக இறங்கி, ஏரிமேல் கொஞ்சதூரம் நடந்து, கேமரா முக்காலியை ஊன்றினாள். வானத்தையும் ஏரியையும் ஒரே வெள்ளைத் துணியாகத் தைத்துவிட்டது போல இருந்தது. பக்கத்து மரம் தெரிந்தது. அதற்கு அடுத்தது இருக்கிறதென்று நம்பத்தான் வேண்டும்.

அவள் படம் எடுத்தாள். நிறுத்தி, குனிந்து, முதுகுத் திரையைப் பார்த்தாள். வெள்ளை. வெளிச்சத்தை ஒரு இழை மாற்றி, மறுபடி எடுத்தாள். மூக்குக் கண்ணாடியில் மூச்சு உறைந்துகொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்து எடுத்தாள். காற்று ஒரே சீராக ஊதிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. தன்னை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூச்சு உறைந்த கண்ணாடியோடு தலையை நிமிர்த்தினாள். ஒன்றும் இல்லை. “யாரது?” என்று கேட்டாள். காற்று அந்தச் சொல்லை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. கர்த்தரை நம்புகிறவள் இப்படிப் பயப்படலாமா என்று தன்னையே கடிந்துகொண்டாள். இருந்தாலும் அங்கே நிற்க மனம் வரவில்லை. ஒரு கீர்த்தனையை வாய்க்குள் முணுமுணுத்தபடி முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வந்த வழியே வேகமாகத் திரும்பிவிட்டாள்.

மத்தியானம் ஆலயத்து மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் அந்த மணி அடித்தால், ஏரியில் யாரையோ காணவில்லை என்று அர்த்தம்.

அர்வோ நியெமெலாவைத்தான் காணவில்லை. விடியும் முன்னால் பனிவண்டியில் மீன்குடிசைக்குப் போனவன் திரும்பவில்லை. தேடப் போனவர்கள், பனிக்கட்டி வெடித்துத் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் அவன் வண்டியைக் கண்டார்கள். மூக்கு தண்ணீரில் முங்கி, பின்புறம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. தலைக்கவசம் மிதந்தது. ஆள் இல்லை.

ஆலயத்தின் கீழறையில் காப்பி கொதித்துக்கொண்டே இருந்தது. ஈரக் காலுறைகளோடு வந்து போகிறவர்களுக்குப் பெண்கள் இறைச்சி அடைத்த பாஸ்டி சுட்டு அடுக்கினார்கள். அர்வோவின் மனைவி ரௌஹா சுவரோரம் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் வந்தபோதெல்லாம் பேச்சுகள் தாழ்ந்தன.

போலீஸ் டெபுடி பெல்லன் ஐலாவிடம் வந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல்.

“காலையில முனைப்பக்கம் போட்டோ எடுத்தீங்களாமேம்மா. அர்வோ வண்டி கண்ல பட்டுச்சா?”

“எதுவும் படலீங்க. என் கையே எனக்குத் தெரியல.”

“சத்தம் ஏதாவது?”

“காத்துதான்.”

“எதுக்கும் படத்த ஒரு தடவ பாத்துடலாமா?”

ஐலா கேமராவிலிருந்து படம் பதியும் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் மடிக்கணினியில் செருகினார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் வெள்ளை. ஒன்றைப் பெரிதாக்கினார். பெரிய வெள்ளை.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர், “எங்க வீட்டுக் குளிர்பெட்டியத் தொறந்து எடுத்திருந்தா இதவிட விஷயம் இருந்திருக்கும்” என்றார். சொன்ன பிறகு ரௌஹா இருப்பதைப் பார்த்துவிட்டு, கோப்பையோடு நகர்ந்தார்.

“கேமராவுல கோளாறா?” என்றார் பெல்லன்.

“இல்லீங்க. நான்தான் அப்படி எடுத்தேன். பனியத் தவிர அதுல ஒண்ணும் இருக்காது.”

மூட்டையைப் பிரிக்காமல் மேலே ஒட்டிய மாதிரியை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று அவளே சொன்னாள். வெள்ளைக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அவள் கண் ஒன்றையும் பார்க்கவில்லை, அதனால் கேமராவும் பார்த்திருக்காது என்று நினைத்துவிட்டாள்.

“நாளைக்குக் காலையில முக்குளிக்கறவங்க வராங்க” என்று பெல்லன் மற்றவர்களிடம் சொன்னார். “காத்து இன்னும் ஏறப்போகுது. இருட்டறதுக்குள்ள எல்லாரும் கரைக்கு வந்துடுங்க.” எதற்காக முக்குளிக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறவனைத் தேட யாரும் தண்ணீருக்கடியில் இறங்க மாட்டார்கள்.

ஐலா கிளம்பும்போது ரௌஹா அவள் கையைப் பிடித்தாள்.

“அக்கா, எங்க மரம் அந்தப் படத்துல விழுந்திருக்குமா?”

“எந்த மரம்மா?”

“பிள்ளைங்க சிவப்பு நாடா கட்டினது. பாதை திரும்பற எடத்துல அவருதான் நட்டாரு. அது நிக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அது விழுந்திருந்தா அவரு வழி தப்பியிருப்பாரு. நின்னுச்சுன்னா தப்பியிருக்க மாட்டாரு. மத்தவங்க பேசறதக் கேட்டீங்கல்ல. குடிச்சிருப்பான்னு சொல்றாங்க.”

“பாத்துட்டுச் சொல்றேன். நீ ஒரு வாய் காப்பியாவது குடி.”

வீட்டுக்கு வந்தபோது ஜன்னலில் இன்னும் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம் மிச்சம் இருந்தது. ஐலா கோட்டைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஊர்ஹோ பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அவள் முதல் படத்தைத் திறந்தாள். வெள்ளை. திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடியை மவுஸால் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தாள்.

முதலில் ஏரி வந்தது. பிறகு வானத்துக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு. பிறகு மரங்கள், கிட்டத்தில் இருப்பதிலிருந்து தூரம் வரைக்கும், பாத்திரத்தின் அடியில் பருப்பு தெரிவது போல ஒவ்வொன்றாக. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. எங்கள் மேல்காற்று எந்த மரத்தையும் நேராக நிற்கவிடாது. கடைசியில், கண்ணை இடுக்கிப் பார்த்தால், ஒரு பொட்டுச் சிவப்பு.

“ரௌஹா மரம் நிக்குது” என்றாள் சத்தமாக, ஊர்ஹோவின் நல்ல காதுப் பக்கம் திரும்பி. “கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவன் வழி தப்பல.”

“அது என்ன பக்கத்துல?” என்றார் ஊர்ஹோ.

சிவப்புப் பொட்டுக்கு வலப்பக்கம், தூரத்தில், இன்னொரு மெல்லிய கரும்புள்ளி நின்றது.

“இன்னொரு மரம்.”

“அங்க மரம் கெடயாது. நான்தானே கூட நட்டேன். அந்த எடத்துல பாதை எடப்பக்கம் போயிடும். வலது பக்கம் கழுதையும் போகாது, எதுக்கு மரம் நடறோம்?”

“யாராவது பிற்பாடு நட்டிருப்பாங்க.”

“சாயாம நிக்குது பாரு” என்றார்.

ஐலா அடுத்த படத்தைத் திறந்தாள். அதே அளவுக்கு இழுத்தாள். மரங்கள் வந்தன, இருந்த இடத்திலேயே. சாயாத மரம் மட்டும் இருந்த இடத்தில் இல்லை. அது சிவப்பு நாடா மரத்துக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது.

ஊர்ஹோ நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். ஜன்னல் கண்ணாடியில் பனி மணல் போல உரசியது.

அடுத்த படம். வரிசையில் இருந்த மரங்கள் எல்லாம் அப்படியே, வேரூன்றியது போல. அது இன்னும் கிட்டே. முதலில் பென்சில் கீறலாக இருந்தது இப்போது விரல் அகலம். மேல்பாகம் மரம் மாதிரி கூம்பாக இல்லை. மொட்டையாக, உருண்டையாக இருந்தது.

ஐலா மவுஸை விட்டுக் கையை எடுத்தாள். மடியில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். அடுத்தது. அது கிட்டே. அடுத்தது. இன்னும் கிட்டே. அதில் அதற்கு ஒரு கிளை இருந்தது. அந்தக் கிளை மேலே தூக்கியிருந்தது. அதற்கு அடுத்த படத்தில் இரண்டு கிளையும் தூக்கியிருந்தன.

“கை” என்றாள் ஐலா. திரையில் விரலை வைத்தாள். “கைய ஆட்டறான்.”

கடைசிக்கு முந்தின படத்தில் அவன் பக்கத்து மரம் நிற்கிற தூரத்துக்கு வந்துவிட்டான். இடுப்புக்குக் கீழே உடுப்பு பனிக்கட்டியாகி, தகரம் போல விறைத்து நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் உறைந்த தொப்பி மட்டும். கூப்பிட்டால் கேட்கிற தூரம். வேறு நாளாக இருந்தால் மூச்சு விடுவதுகூடக் கேட்டிருக்கும். அந்தப் படத்தை எடுத்த கையோடுதான் அவள் குனிந்து முதுகுத் திரையைப் பார்த்தாள். வெள்ளை என்றாள். யாரது என்றாள். கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“நான் பாக்கவே இல்லையே” என்றாள். “அவன் என்னப் பாத்து வந்துக்கிட்டே இருந்திருக்கான். நான் அவனையே படம் எடுத்துக்கிட்டு நின்னிருக்கேன்.”

ஊர்ஹோ எழுந்து தொலைபேசியை அவள் கையில் வைத்தார். “அழுகைய அப்புறம் வெச்சுக்க. அவன் தண்ணியில இல்ல. அத மொதல்ல சொல்லு.”

பெல்லனுக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆனது. “படத்துல ஒண்ணும் இல்லன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க.”

“சொன்னேன். பிரிச்சுப் பாக்காம சொல்லிட்டேன். அவன் நடந்து முனைப்பக்கம் வந்திருக்கான். எல்லாரையும் அங்க அனுப்புங்க. வெடிப்புக்கிட்ட வேணாம்.”

முகாமின் சாவி அவர்கள் சமையலறை ஆணியில்தான் தொங்கியது; குளிர்காலத்தில் முகாமுக்குக் காவல் ஊர்ஹோ. அதை எடுத்துக்கொண்டு இருவரும் மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். மணல்கரையில் தடம் எதுவும் இல்லை. காற்று எல்லாவற்றையும் மழித்துவிட்டிருந்தது. கைவிளக்கை அடித்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு ஊர்ஹோ நின்றார். முகாமின் ஜெபக்கூடத்துக் கதவு திறந்திருந்தது. பூட்டு கொண்டியில் வாயைத் திறந்தபடி தொங்கியது. பனி வாசற்படி தாண்டி உள்ளே நாக்கு மாதிரி நீண்டு கிடந்தது.

கூடத்தின் மூலையில், கோடைக்குப் பிள்ளைகள் படுக்கிற மெத்தைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. ஐலா ஒன்றை இழுத்தாள். அடுத்ததை இழுத்தாள். அடியில் அர்வோ கிடந்தான், முட்டியை மார்போடு சேர்த்துக்கொண்டு. உதடு ஊதா. கண் திறந்திருந்தது. இமைத்தது.

“அர்வோ. தம்பி. நாந்தான் ஐலாக்கா.”

அவன் கண் அவள் முகத்தில் வந்து நின்றது. பிறகு, பல் அடித்துக்கொள்ள, “எத்தன தடவ கூப்பிட்டேன்” என்றான். “ஏங்க்கா திரும்பியே பாக்கல?”

அவனுக்குக் காலில் இரண்டொரு விரல் போயிற்று. உயிர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் ஸ்தோத்திர ஜெபம் செய்தபோது எல்லோரும் ஐலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், ரௌஹா ஏலக்காய் ரொட்டியோடு வந்தாள். ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அவரு ராத்திரியில விளக்க அணைக்க விடமாட்டேங்கறாரு. தூக்கமே இல்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

“கேளும்மா.”

“நீங்க முன்னால போனீங்களாம். அவரு கத்திக்கிட்டே பின்னால வந்தாராம். கரை ஏறி, கூடத்துக் கதவத் தொறந்துட்டு வாசல்ல நின்னீங்களாம். அவரு உள்ள போய்த் திரும்பிப் பாத்தா நீங்க இல்லியாம். ஏன் ஒரு வார்த்த பேசாம விட்டுட்டுப் போனீங்கன்னு கேக்கறாரு.”

ஐலா ஊர்ஹோவைப் பார்த்தாள். அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். இந்த ஒருமுறை அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

“நான் கூடத்துப் பக்கமே போகலம்மா” என்றாள் ஐலா. “வெளிவாசல்ல கார நிறுத்தியிருந்தேன். மணல்கரையோட அப்படியே வந்துட்டேன். கூடம் அந்தப் பக்கம்ல இருக்கு. சாவி இதோ இந்த ஆணியிலதான் கெடந்துச்சு.”

“பூட்டினது நான்” என்றார் ஊர்ஹோ. “இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன். கர்த்தர் சாட்சி.”

“வெள்ளைக் கோட்டு போட்டிருந்தீங்கன்னு சொல்றாரு.”

கதவுக்குப் பின்னால் ஐலாவின் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வறுத்த காப்பிக்கொட்டை நிறம். அவளிடம் வேறு கோட்டு கிடையாது. ரௌஹா அதைப் பார்த்தாள். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்ப அவரு யாரு பின்னால போனாரு?”

ஐலா கம்ப்யூட்டரைப் போட்டாள். அன்றைக்கு எடுத்ததில் கடைசிப் படம் ஒன்று மிச்சம் இருந்தது. அதை அவள் எடுத்ததாகவே நினைவில்லை. முக்காலியைத் தோளில் தூக்கும்போது விரல் பட்டு, கேமரா கரையைப் பார்த்துத் தானாகக் கண்சிமிட்டியிருக்க வேண்டும். அன்று மாலை அவசரத்தில் அதைத் திறக்கவில்லை. அதன் பிறகு திறக்க மனம் வரவில்லை.

வெள்ளை. அவள் கீழே இழுத்தாள்.

கரை கோணலாக வந்தது. பிர்ச் மரங்கள் வந்தன. கூடம் வந்தது, தார் பூசிய கறுப்புப் பலகைகளோடு. படிகள் வந்தன. கதவுக்கு முன்னால், கறுப்புப் பலகையின்மேல், ஒரு வெள்ளைத் துண்டு கீழே இறங்காமல் நின்றது. மற்ற வெள்ளையெல்லாம் இழுத்த இழுப்புக்கு வந்தது. அது மட்டும் வரவில்லை.

எங்கே வெளிச்சம் விளிம்பைத் தாண்டி வழிந்துவிட்டது என்று காட்ட ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால், எரிந்துபோன இடத்தையெல்லாம் கம்ப்யூட்டர் சிவப்பாகப் பூசிக்காட்டும். ஐலா அழுத்தினாள். அவ்வளவு பெரிய பனியில் எங்கும் சிவப்பு விழவில்லை. கதவுக்கு முன்னால் மட்டும் விழுந்தது. ஆள் உயரம். மேலே தலை அளவுக்குக் குறுகி, தோள் அளவுக்கு விரிந்து, கீழே படியைத் தொடாமல் முடிந்தது.

ரௌஹா ஜெபிக்கிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வெயில் பட்டிருக்கும்” என்றார் ஊர்ஹோ.

“அன்னைக்கு ஏது வெயில்?”

“கண்ணாடியில பனித்துளி.”

“துளின்னா ஓரம் கலங்கித் தெரியும். இது கத்தியில வெட்டின மாதிரி இருக்கு.” ஐலா பிடியை அடிவரைக்கும் இழுத்தாள். பனி ஈயமானது. வானம் கரியானது. அந்த இடம் மட்டும் வழவழவென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல், கஞ்சி மாதிரி நின்றது. மூட்டையில் அந்த இடத்தில் ஒரு மணிகூட இல்லை.

“முகம் தெரியாதாக்கா?”

“அங்க ஒண்ணும் பதியலம்மா. வெளிச்சம் நெறஞ்சு வழிஞ்சிருக்கு. எவ்வளவு இழுத்தாலும் வராது.”

“இல்லாதத கம்ப்யூட்டரே நெரப்பிக் குடுக்குமாமே. கடையில சொன்னாங்க.”

“குடுக்கும். கேட்டா ஒரு மூஞ்சியே வரஞ்சு குடுத்துடும். ஆனா அது பாத்த மூஞ்சி இல்ல, அதுவா இட்டுக்கட்டின மூஞ்சி. அர்வோ ஆயுசுக்கும் அதத்தான் நெனச்சுக்கிட்டிருப்பான்.” ஐலா அச்சுப்பொறியைப் போட்டாள். “அந்தப் பாவம் எனக்கு வேணாம். இருக்கறபடியே எடுத்துட்டுப் போவோம். அவன் என்னை நம்பணும். அதோட, நான் அவன விட்டுட்டு ஓடினேன்னு அவன் நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கக் கூடாது.”

பனி பனியாகவும் பலகை பலகையாகவும் தெரிகிற அளவுக்கு மட்டும் வேகவைத்து, கனமான தாளில் அச்சுப் போட்டாள். அச்சுப்பொறி முன்னும் பின்னும் ஓடியது. கதவு இருக்கிற வரி வந்தபோது, அந்த ஒரு இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அதன் சத்தம் நின்று நின்று வந்தது.

அர்வோ படுக்கையில் சாய்ந்திருந்தான். பகல் சாய்ந்துகொண்டிருந்தது, அவன் தலைமாட்டில் விளக்கு அப்போதே எரிந்தது. ஐலா தன் கோட்டோடு அவன் முன்னால் போய் நின்றாள். அவன் கோட்டை மேலிருந்து கீழே பார்த்தான்.

“இது இல்ல” என்றான்.

“இல்ல தம்பி. நான் உன்னப் பாக்கல, நீ கூப்பிட்டது கேக்கல. அதுக்கு மன்னிச்சுக்க. ஆனா முன்னால நடந்தது நான் இல்ல.” படத்தை அவன் மடியில் வைத்தாள்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கட்டைவிரலால் கதவைத் தொட்டான். மை ஊறிய இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு போன விரல், அந்த இடத்தில் சொரசொரவென்று நின்றது.

“இங்க மை இல்லியே.”

“இல்ல. அங்க போட மிஷினுக்கு ஒண்ணும் கெடைக்கல. வெறும் தாளுதான்.”

“இப்படித்தான் இருந்துச்சு” என்றான் அவன், ரொம்ப மெதுவாக. “பாத்தா கண்ணு கூசும். கோட்டுன்னு நெனச்சேன்.” விரல் அந்த ஓரத்தைச் சுற்றி வந்தது. “ஐலாக்கா, இது முதுகக் காட்டிட்டு நிக்குதா, என்னப் பாத்துட்டு நிக்குதா?”

ஐலா குனிந்து பார்த்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

“தெரியல தம்பி.”

அவன் தலையாட்டினான். படத்தைப் பக்கத்து மேஜையில் சுவரோடு சாய்த்து, தனக்கு எதிராகத் திருப்பி வைத்துக்கொண்டான். கொஞ்சநேரத்தில் அவன் கண் சொருகியது. ரௌஹா எழுந்து, தயங்கித் தயங்கி விளக்கின் விசையில் கை வைத்தாள். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அவள் அணைத்தாள்.

அறை இருண்டது. பனியும் பலகையும் பிர்ச் மரங்களும் இருட்டோடு போய்விட்டன. கதவுக்கு முன்னால் இருந்த அந்த வெறும் தாள் மட்டும், அவர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கத் தெரிந்துகொண்டே இருந்தது. அர்வோ தூங்கிவிட்டான்.